டவுட்டு பக்தாவின் மகள்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் போய் பக்தவச்சலம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். டவுட்டு பக்தா என்று கேட்டுப் பாருங்கள், மூக்கொழுகும் வாண்டுகூட மூன்றாவது மாடியைக் கை காட்டும். அந்தப் பெயரை வைத்தவன் கீழ் வீட்டு யேசுதாஸ் என்பது பக்தவச்சலத்துக்கும் தெரியும். ஆனால் அவனாக வைத்திருக்க மாட்டான், பின்னால் இருந்து யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

பால் பாக்கெட் வாங்கினால் உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் கொண்டுவந்தவன் படியிறங்கும்வரை அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நிற்பார். தூரத்துச் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால், "இத்தினி வருசமா இல்லாம இப்போ எதுக்கு கூப்டறான்?" என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள் அவர் மனைவி வரலட்சுமி வஞ்சிர மீன் வாங்கிப் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இன்னா விசயம், இன்னா கேக்கப் போற?" என்றார். அவள் மீதித் துண்டுகளை எடுத்து மகள் தட்டில் போட்டுவிட்டாள்.

இது பிறவிக் குணம் இல்லை. அவரும் ஒரு காலத்தில் எல்லாரையும்போல நம்பிக்கொண்டு திரிந்தவர்தான். திருவொற்றியூர்ப் பக்கம் எண்ணெய் டிரம் செய்கிற கம்பெனி ஒன்றில் பதிலி ஆளாக இருந்தார். பதிலி என்றால், காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். பர்மனென்ட் ஆள் எவனுக்காவது காய்ச்சல் வந்தால் இவரை உள்ளே கூப்பிடுவார்கள். எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தால் இவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இப்படியே இளமை முழுக்கப் போனது. ஒருநாள் கேட்டில் மேசை போட்டு, லட்டு கொடுத்து, எல்லாரையும் பர்மனென்ட் பண்ணப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று இங்கிலீஷில் அடித்த காகிதத்தை நீட்டினார்கள். லட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் போட்டார்கள். மறுநாள் கேட் திறக்கவில்லை. அவர்கள் போட்டது, நாங்களாகவே வேலையை விட்டு நின்றுகொள்கிறோம் என்ற கடிதத்தில்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு, அதில் கேட் செக்கிங். வெளியே போகிறவன் எவனாக இருந்தாலும் நிறுத்தி, டிபன் கேரியரைத் திறந்து, லாரி சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவ வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம். தண்ணீர் கேனுக்குள் சுருட்டி வைத்த செம்புக் கம்பியை ஒருமுறை பிடித்துக் கொடுத்து யார்டு முதலாளியிடம் சபாஷ் வாங்கினார். அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அவருடைய ஒரே மகள் அன்புக்கரசி பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலேயே, சாயங்காலம் அவள் முகம் கழுவப் போகும் நேரத்தில் அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார். ஒருநாளும் ஒன்றும் அகப்பட்டதில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அந்த அன்புக்கரசிதான் ஓட ஆரம்பித்தாள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடியவளை லூயிஸ் என்ற கோச் பார்த்துவிட்டார். லூயிஸ் ஒரு பெரிய அரசு டிபார்ட்மென்ட்டின் ஓட்டக் குழுவைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் குழுவின் மகாராணி சபீஹா. ராயபுரத்துப் பெண், எண்ணூறு மீட்டரில் பல வருடம் மெடல் வாங்கியவள், டிபார்ட்மென்ட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள். அன்புக்கரசிக்கு அந்தக் குழுவில் என்ன வேலை என்று பக்தவச்சலம் ஒருநாள் குறுக்கு விசாரணை செய்தார்.

"மொத்தம் ரெண்டு ரவுண்டு நைனா. மொதல்ல நான் முன்னால வேகமா ஓடுவேன். சபீஹாக்கா என் முதுகப் பாத்துகினே வரும். காத்து அதும் மேல அடிக்காது, ஸ்பீடும் கொறையாது. அறுநூறு மீட்டர் வந்தா நான் வெளிய வந்துடுவேன். அப்பால அது போயி ஜெயிக்கும். அதுக்குப் பேரு பேஸர்."

"வெளிய வந்து?"

"வெளிய வந்து இன்னா, ஓரமா நின்னு கை தட்ட வேண்டிதுதான்."

"அப்ப நீ பதிலி," என்றார் பக்தவச்சலம்.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்துக்குப் போய் லூயிஸைப் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் அகில இந்திய சாம்பியன்ஷிப்பில் அன்புக்கரசி ஒழுங்காகப் பேஸர் வேலை பார்த்தால், விளையாட்டு கோட்டாவில் அவளுக்கு டிபார்ட்மென்ட்டில் வேலை வாங்கித் தருவதாக லூயிஸ் சொன்னார்.

"வேலன்னா பர்மனென்ட்டா சார்?"

"பர்மனென்ட்தாண்ணே."

"எந்த மாசம்?"

"அதெல்லாம் நடக்கும். என்னை நம்புங்கண்ணே."

உலகத்தில் பக்தவச்சலத்துக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'நம்புங்க'தான். அன்றிலிருந்து லூயிஸின் சிரிப்பு, சட்டை, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றின்மீதும் ஒரு கண் வைத்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் கோடையில் அன்புக்கரசி துவண்டு போனாள். மைதானத்திலிருந்து வந்தால் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் செருகும். ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வண்ணாரப்பேட்டை கடைக்காரர்களுக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கும் வரலட்சுமி, மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தினாள். "ஓட்டமும் வேணாம் ஒண்ணியும் வேணாம். இன்னொரு வாட்டி மயங்கி வுய்ந்தே, ஷூவத் தூக்கி அடுப்புல போட்ருவேன்!" அன்புக்கரசி ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

ஆடி பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. பெண் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தாள். கன்னத்தில் நிறம் வந்தது. ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு பிராக்டிஸ்ல சபீஹாக்காவ தாண்டிட்டேன் நைனா. ஸ்லோ பண்ணு ஸ்லோ பண்ணுன்னு லூயிஸ் மாஸ்டர் விசிலா ஊதறாரு," என்றாள். வேறொரு அப்பனாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பான். நம்ம ஆள் யோசித்தார். அதே ரேஷன் அரிசி, அதே ரசம், அதே முட்டை. இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

அப்புறம் அவள் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"இன்னாது அது?"

"கிரவுண்டுல ரத்ததான கேம்ப் வச்சாங்க நைனா. நானும் குடுத்தேன்," என்றாள், பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

குடுக்கிற அளவுக்கு இவள் உடம்பில் ரத்தம் ஏது என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் முகம் கழுவப் போனபோது பையைத் திறந்தார். சுருட்டிய சாக்ஸுக்குள் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன, ஊசி மருந்துக் குப்பிகள். உள்ளே டிகாஷன் மாதிரி கறுப்பாக ஏதோ மருந்து. லேபிளில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பார்த்தார், பாதிக்கு மேல் வாயில் நுழையவில்லை. இத்தனை வருடம் தேடியது அகப்பட்டுவிட்டது. அகப்பட்டதும், ஏன் தேடினோம் என்று இருந்தது.

டீக்கடையில் பேப்பர் படிக்கிறவருக்கு இது தெரியாதா? மருந்து போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள், மாட்டிக்கொண்டு மெடலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பற்றியெல்லாம் மாதம் ஒரு செய்தி வருகிறது. எல்லாம் அந்த லூயிஸ் வேலை என்று முடிவு கட்டினார். குப்பிகளைச் சாக்ஸில் சுருட்டி, இருந்த மாதிரியே வைத்தார்.

மெடிக்கல் ஷாப்பில் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மெடிக்கல்காரன் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவான். லூயிஸிடம் கேட்டால் பொய் சொல்வான். வரலட்சுமியிடம் சொன்னால் ஷூ அடுப்புக்குப் போகும், வேலையும் அதோடு போகும். மகளிடமே கேட்கலாம். கேட்டு அவள் ஆமாம் என்றால் என்ன செய்வது? இல்லை என்றால் அதை மட்டும் நம்பிவிடப் போகிறோமா? இப்படியே நாட்களை ஓட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாம்பியன்ஷிப் பெரியமேடு ஸ்டேடியத்தில் நடந்தது. பக்தவச்சலம் லீவு போட்டுவிட்டுக் கேலரியில் போய் உட்கார்ந்தார். சாயங்கால வெயில், பெண்கள் எண்ணூறு மீட்டர் ஃபைனல். துப்பாக்கி வெடித்ததும் அன்புக்கரசி முன்னால் வந்துவிட்டாள். அவள் முதுகை ஒட்டி சபீஹா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். முதல் ரவுண்டு சொன்ன சொல் தவறாமல் போனது. இரண்டாவது ரவுண்டில் முதல் வளைவு தாண்டியதும் சபீஹா சட்டென்று தொடையைப் பிடித்தாள். வேகம் குறைந்தது. குனிந்துகொண்டே ஏதோ கத்தினாள். அன்புக்கரசி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அறுநூறு மீட்டர் வந்தது. அவள் வெளியே வர வேண்டிய இடம். வரவில்லை.

கடைசி வளைவில் பக்தவச்சலம் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவன் உட்காருய்யா என்று கத்தியது காதில் விழவில்லை. "ஓடு அன்பு! ஓடும்மா! வுடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வடக்கே இருந்து வந்த இரண்டு பெண்கள் அவளை நெருங்கினார்கள். நெருங்கினார்களே தவிர தாண்ட முடியவில்லை. அவள் கோட்டைக் கடந்து தரையில் விழுந்தபோது பக்தவச்சலம் அழுதுகொண்டிருந்தார். அந்த வளைவிலிருந்து கோடு வரைக்கும் அவர் எதன்மீதும் சந்தேகப்படவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் அதற்கு முன்னால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பலகையில் நேரம் விழுந்தது. கேலரியே ஓவென்றது. அவருடைய பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், ஓட்டப்பந்தயமே பிழைப்பாகப் பார்ப்பவர்போல, விரலில் கணக்குப் போட்டார். "பேஸர் பொண்ணு இது. போன வருசம் ஜெயிச்ச டைமவிட நாலு செகண்டு கம்மி. மருந்து கிருந்து போட்டிருக்குமோ?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பக்தவச்சலத்தின் கண்ணீர் அப்படியே நின்றது. குப்பி கண்முன் வந்தது.

கீழே இறங்கினார். வேலி ஓரமாகப் போய், கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்தார். அதற்குள் அன்புக்கரசி கழுத்தில் தங்க மெடலைப் போட்டுவிட்டிருந்தார்கள். லூயிஸ் அங்கே இல்லை. தொடைத் தசை கிழிந்த சபீஹாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போயிருந்தார். மகளின் பக்கத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்மணி காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். "டோப் டெஸ்ட். இங்கே சைன் போட்டுட்டு என்கூட வரணும். யூரின் குடுக்கணும்."

அன்புக்கரசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேஸரை யார் டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள்? பாதியில் வெளியே வருகிறவளுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பக்தவச்சலத்துக்கு மட்டும் நன்றாக விளங்கியது. பெண் மாட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேப்பர்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"தண்ணி குட்சிட்டு வரட்டும்மா. தொண்ட காஞ்சி போயி கீது," என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்மணி அடுத்து வந்த வெள்ளி மெடல்காரியைப் பார்க்கத் திரும்பினாள். அந்த இடைவெளி போதும். யார்டு கேட்டில் எத்தனை பேர் தன்னை ஏமாற்றி வெளியே போனார்களோ, அத்தனை பேரின் தந்திரத்தையும் சேர்த்து அவர் அன்று பயன்படுத்தினார். பையிலிருந்த துப்பட்டாவைப் போர்த்தி மெடலை மூடச் சொல்லி, பின் கேட் வழியாக வெளியே கொண்டுவந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"நைனா, அந்தம்மா கூப்டுச்சே?"

"கையெய்த்து கேட்டாளா இல்லியா? எங்கள இப்டித்தான் கேட்டாங்க. இங்கிலீஷ்ல இன்னா எய்தி கீதுன்னு உனுக்குத் தெரியுமா? போட்டுட்டா அதோட சரி. பேசாம வா."

டிரம் கம்பெனிக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, துப்பட்டாவுக்குள் மெடலைப் பிடித்துக்கொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹவுசிங் போர்டில் யேசுதாஸ் பத்தாயிரம் வாலா கொளுத்தினான். வரலட்சுமி எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். கேசரிச் சட்டி காலியாவதற்குள் லூயிஸ் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"எங்கம்மா போன? டெஸ்டுக்குக் கூப்பிட்டா வராம போனா, மருந்து சாப்ட்டதுக்குச் சமம்னு எழுதிடுவாங்க. டெஸ்ட் ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாம் போச்சு!"

அன்புக்கரசி அப்பாவைப் பார்த்தாள். அவர், "பேப்பர்ல கையெய்த்து கேட்டாங்க சார். நாந்தான் வேணாம்னேன்," என்றார். லூயிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாளில் பேப்பரில் வந்தது: 'மருந்துப் பரிசோதனைக்குப் பயந்து தப்பி ஓடிய தங்க மங்கை'. பத்தாயிரம் வாலா கொளுத்திய யேசுதாஸ், "நான் அன்னிக்கே நெனச்சேன். திடீர்னு எப்டிப்பா இவ்ளோ ஸ்பீடு?" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். கேசரி சாப்பிட்டவர்கள் தண்ணீர்க் குழாயடியில் வரலட்சுமி வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஊர் முழுக்க டவுட்டு பக்தாவாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் பக்தவச்சலம் மட்டும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தடகளச் சங்கத்து ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஏன் போனாய் என்று கேட்டதற்கு அன்புக்கரசி, "நைனா கூப்டாரு சார்," என்றாள். பக்தவச்சலம் டிரம் கம்பெனிக் கதையை லட்டு உட்பட முழுசாகச் சொன்னார். மூவரில் ஒருவர் கொட்டாவி விட்டார். மகளைக் காப்பாற்ற அப்பன் நல்ல கதை கட்டுகிறான் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. இரண்டு வருடத் தடை. மெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிபார்ட்மென்ட் வேலை என்ற பேச்சே அதற்குப்பின் எழவில்லை. ஒரு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரம் சபீஹா வந்தாள். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, வரலட்சுமி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "அன்னிக்கு நாந்தான் அங்கிள் அவள நிக்காத, போடீன்னு கத்துனேன். எப்டியும் என்னால முடியாது. எங்க டீமுக்காவது வரட்டும்னுதான். அவ ஜெயிச்சதுல எந்தக் கலீஜும் இல்ல. பாவம், வெயில் காலத்துல அவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல. எங்க டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு இரும்புச் சத்து ஊசி எழுதிக் குடுத்தாரு. கறுப்பா இருக்கும், வாங்கினு வந்து எங்க நர்ஸ்கிட்ட போட்டுக்குவா. ஊட்ல தெரிஞ்சா அம்மா ஓட வுட மாட்டாங்கன்னு பயந்துகினு சொல்லல. அதக்கூட டாக்டர் முன்கூட்டியே எழுதித்தான் வெச்சிகீறாரு. டெஸ்டு குடுத்திருந்தா ஒண்ணுமே வந்திருக்காது."

சபீஹாவைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரலட்சுமி மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்புக்கரசி வெளியே தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். பக்தவச்சலம் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தக் கையெய்த்து கத எல்லாம் வுடு நைனா," என்றாள் அவள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். "நீ என் பையத் தெறந்து பாத்தது எனுக்குத் தெரியும். சாக்ஸ நான் உள்ள பக்கமா சுருட்டுவேன், நீ வெளிய பக்கமா சுருட்டி வெச்சிருந்தே. நீ வந்து கேப்பேன்னு தெனமும் பாத்துகினு இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அம்மாகிட்ட சொல்லாத நைனான்னு கால்ல வுய்ந்திருப்பேன். நீ ஏன் கேக்கல?"

அவர் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"பஸ்ல வந்தப்ப கையெய்த்து கேட்ட பேப்பருக்கு பயந்துதான் நீ இட்டுகினு வந்தேன்னு நெனச்சேன். விசாரணையில நீ டெஸ்டுக்குக் கூப்ட்ட அந்தம்மாவப் பத்தி பேச சொல்லோ உன் மூஞ்சியப் பாத்தேன். நீ என்னியத்தான் நம்பலன்னு அப்பதான் புரிஞ்சிது."

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். அவருக்கு அது மட்டும்தான் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் அவரிடம் சோறு வேணுமா, தண்ணி வேணுமா என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. காலையில் மட்டும் பழையபடி எழுந்து எக்ஸ்பிரஸ் சாலை ஓரமாக, வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டித் தாண்டி ஓடிவிட்டு வந்தாள். லாரிக்காரர்கள் சிலர், மருந்து, மருந்து என்று கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை.

பக்தவச்சலம் யார்டில் உட்கார்ந்து யோசித்தார். அப்பீலுக்கு ஒரு வழிதான் இருக்கிறது. முதல் விசாரணையில் பாதி உண்மைதானே சொன்னோம், அதனால்தான் நம்பவில்லை. முழு உண்மையையும் சொல்லிவிட்டால்? தப்பு அவள்மேல் இல்லை, என்மேல்தான் என்று உடைத்துச் சொல்லிவிட்டால்? மானம் போனால் போகட்டும் என்று நினைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எதிரில் இருப்பவர்கள் நியாயமாக நடந்துகொள்வார்கள் என்று நம்பினார்.

அப்பீல் நாளன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு போனார். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் வயதான ஒருவர் மட்டும் இருந்தார். ரிடையர்டு ஜட்ஜ் என்றார்கள். நிதானமான மனிதர், ஃபேனைக் குறைக்கச் சொல்லிவிட்டு இவர் பேசுவதை முழுசாகக் கேட்டார். பக்தவச்சலம் ஒன்றையும் மறைக்கவில்லை. பையைத் திறந்தது, குப்பியைப் பார்த்தது, யாரிடமும் கேட்காமல் இருந்தது, கேலரியில் அந்தத் தொப்பிக்காரன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ ஒண்ணும் பண்ணல சார். எனுக்குத்தான் எம்பொண்ணு மேல டவுட்டு வந்திடுச்சி. மாட்டிக்கப் போறாளேன்னு நாந்தான் இட்டுகினு ஓடியாந்தேன். பேப்பர்னு அவளுக்குப் பொய் சொன்னேன். தண்டனைய எனுக்குக் குடுங்க."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமாக இல்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது என்று பக்தவச்சலம் இன்றைக்கும் சொல்கிறார்.

"நீங்க சொல்றது நிஜம்னு எனக்குப் படுது," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சாப்பிட்டு, பத்தொம்பது வருஷம் அவளைப் பாத்த அப்பா நீங்க. உங்களுக்கே அவமேல நம்பிக்கை வரலை. அவளை ஒருநாளும் பாக்காத நாங்க எதை வெச்சுங்க நம்பறது?"

தடை அப்படியே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்தவச்சலம் வெளியே வந்தபோது அன்புக்கரசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அன்று தாழ்வாரத்தில் பேசியதற்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னா சொன்னாரு?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு ஜட்ஜ் சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னார்.

அவள் பெஞ்சிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கரெக்டாதான் கேட்டுகீறாரு," என்றாள்.